வெளிநாட்டில் வேலை, ஊரில் வீடும் நிலமும்: உயில் எழுதி முடிக்கும் வரை

உயிலை எழுத உட்காரும் முன், அதை யார் படிக்கப் போகிறார் என்று யோசியுங்கள். நீங்கள் இல்லாத ஒரு நாளில், மன்னார்குடியிலோ சங்கரன்கோவிலிலோ ஒரு தாசில்தார் அலுவலக மேசையில் அது விரிக்கப்படும். எதிரே உங்கள் மனைவியோ மகளோ நிற்பார். சர்வே எண் பட்டாவோடு பொருந்துகிறதா, சாட்சி போட்டவர் உயிரோடு இருக்கிறாரா, வேறு வாரிசு யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்பவைதான் அங்கே கேட்கப்படும். துபாயிலோ சிங்கப்பூரிலோ நல்ல பணம் கொடுத்து எழுதிய உயில்கூட இந்த மேசையில் மாட்டிக்கொள்வதுண்டு. பெரும்பாலும் அதற்குக் காரணம் சட்ட நுணுக்கம் எதுவும் இல்லை. சாட்சி கிடைக்கவில்லை, அல்லது சொத்து விவரம் தப்பு.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டில் சொத்து வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கானது.

உயில் இல்லாவிட்டால் சொத்து எங்கே போகும்

"எல்லாம் மனைவிக்கும் பிள்ளைக்கும்தானே போகப்போகிறது, உயில் எதற்கு" என்பவர்கள்தான் அதிகம். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956 அப்படிச் சொல்லவில்லை. உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் இறந்தால் மனைவி, மகன், மகள், தாய் ஆகிய எல்லோருக்கும் சம பங்கு. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அம்மாவும் இருந்தால் வீடு நான்காகப் பிரியும். அம்மாவுக்கு வந்த கால் பங்கு, அவருக்குப் பின் உங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளுக்கும் போகும். நீங்கள் வெளிநாட்டில் உழைத்துக் கட்டிய வீட்டில், பத்து வருடம் கழித்து உங்கள் மனைவி கொழுந்தனாரிடம் கையெழுத்து கேட்டு நிற்கும் நிலை இப்படித்தான் வருகிறது. தந்தை இந்த முதல் வரிசையிலேயே இல்லை. அப்பாவை நீங்கள்தான் காப்பாற்றுகிறீர்கள் என்றால், முதல் வரிசையில் ஒருவர் இருந்தாலும் உயில் இல்லாமல் அவருக்கு ஒன்றும் போய்ச் சேராது.

பெண்ணின் சொத்துக்குக் கணக்கு வேறு. பிள்ளைகள் இல்லாத ஒரு பெண் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு முதலில் கணவனுக்குப் போகும். கணவனும் இல்லாவிட்டால் கணவனுடைய வாரிசுகளுக்குப் போகும். அவளுடைய சொந்தப் பெற்றோர் அவர்களுக்குப் பின்னால்தான் வருகிறார்கள். வெளிநாட்டில் தனியாக வேலை பார்க்கும், கணவனை இழந்த பெண்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கக் கூடாது.

கிறிஸ்தவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925 பொருந்தும். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. முஸ்லிம்கள், ஈமச் செலவும் கடனும் போக மிஞ்சும் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரைதான் உயிலால் கொடுக்க முடியும். அதற்கு மேல் போனால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும். இனி வரும் பகுதிகளில் கையெழுத்து, சாட்சி பற்றிச் சொல்பவை இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் பொதுவானவை. வேறுபாடு இருக்கும் இடத்தில் குறிப்பிடுகிறோம்.

எதை எழுத உங்களுக்கு உரிமை உண்டு

ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு சொத்துக்கும் எதிரே அது எப்படி வந்தது என்று எழுதுங்கள். சொந்தச் சம்பாத்தியத்தில் கிரையம் வாங்கியது, அப்பாவோ அம்மாவோ உயிலாலோ செட்டில்மென்ட் பத்திரத்தாலோ கொடுத்தது ஆகியவற்றைப் பெரும்பாலும் முழுதாக எழுதலாம். பூர்வீகச் சொத்தாக இருந்தால் உங்கள் பங்கை மட்டும்தான் எழுத முடியும். இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, அக்கா தங்கைகளைக் கணக்கில் விட்டுவிடுவது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குத் திருமணமாகாத மகள்களுக்கு மகனுக்குச் சமமான பங்கு வந்தது. 2005 செப்டம்பர் 9-இல் மத்தியச் சட்டத் திருத்தம் திருமணமான மகள்களையும் சேர்த்தது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்று 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரிக்காத பூர்வீக வீட்டை "என் சொத்து" என்று முழுதாக எழுதிய உயில், வழக்குக்கு நீங்களே போட்டுக்கொடுத்த அடித்தளம்.

கணவன் மனைவி இருவர் பெயரில் வாங்கிய ஃபிளாட்டில் உங்கள் பாதி மட்டுமே உங்களுடையது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கூட்டுப் பெயரில் வீடு வாங்கினால் ஒருவர் இறந்ததும் மற்றவருக்கு முழுதும் தானாகப் போய்ச் சேரும் முறை உண்டு. அங்கே இருந்து பழகியவர்கள் சென்னை ஃபிளாட்டும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். இங்கே அது தானாக நடக்காது. உங்கள் பாதி உங்கள் எல்லா வாரிசுகளுக்கும் பிரியும்.

வங்கி வைப்புத்தொகைக்கு நாமினி போட்டிருப்பதையும் உயிலாக எண்ணிவிடாதீர்கள். நாமினி என்பவர் பணத்தை வாங்கி உரியவருக்குக் கொடுக்கும் கை மட்டுமே. பங்குகளுக்கும் இதுவேதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், பெற்றோர், துணை, பிள்ளைகளை நாமினியாகப் போட்டிருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். நாமினி ஒருவர், உயிலில் வேறொருவர் என்று இருந்தால் சண்டை நிச்சயம். இரண்டையும் ஒரே பெயராக வைத்துக்கொள்வது நல்லது.

பவர் பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "தம்பிக்குப் பவர் கொடுத்திருக்கிறேன், அவன் பார்த்துக்கொள்வான்" என்பது நீங்கள் மூச்சு விடும் வரைதான். நீங்கள் இறந்த நொடியில் அந்தப் பவரும் இறந்துவிடும். அதன் பிறகு அதை வைத்து நடக்கும் விற்பனை வழக்கில்தான் முடியும். பவர் வைத்திருப்பவர் உங்கள் சார்பில் உயில் எழுதவும் முடியாது. உயிலில் உங்கள் கையெழுத்துதான் வேண்டும்.

ஒரு உயிலா, இரண்டா

இரண்டு நாட்டில் சொத்து இருந்தால் இரண்டு உயில். இதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை. ஒரே உயிலில் உலகம் முழுதையும் அடக்கினால், முதலில் அந்த நாட்டு நீதிமன்றத்தில் அதை மெய்ப்பிக்க வேண்டும். பிறகு அதன் சான்றிட்ட நகலை இங்கே கொண்டுவந்து நிர்வாக உரிமை கேட்க வேண்டும். சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் வருடக்கணக்கில் இழுக்கும். இந்தியாவில் உள்ள நிலமும் வீடும் எப்படியும் இந்தியச் சட்டத்தின்படிதான் கைமாறும். எனவே அவற்றுக்கு இந்திய முறையில் தனி உயில் இருப்பதே நேர்வழி.

இரண்டு உயில் வைத்தால் ஒரு பெரிய ஆபத்தும் கூடவே வரும். பெரும்பாலான உயில் படிவங்களில் முதல் வரிகளிலேயே "இதற்கு முன் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்" என்ற வாசகம் இருக்கும். ஊரில் 2022-இல் பதிவு செய்த உயிலை, 2025-இல் மெல்போர்னில் கையெழுத்திட்ட இந்த ஒரு வரி அடித்துவிடும். எழுதியவருக்கே அது தெரியாது. அங்கே உயில் எழுதும் வழக்கறிஞரிடம் இந்திய உயில் ஒன்று இருப்பதைச் சொல்லி, அந்த வாசகத்தை மாற்றச் சொல்லுங்கள். இந்திய உயிலில் இப்படி எழுதலாம்:

"இந்த உயில் இந்தியாவில் எனக்குள்ள அசையும், அசையாச் சொத்துகளை மட்டுமே கட்டுப்படுத்தும். இந்தியச் சொத்துகள் குறித்து இதற்கு முன் நான் எழுதிய உயில்களை இதன் மூலம் ரத்து செய்கிறேன். இந்தியாவுக்கு வெளியே உள்ள என் சொத்துகளுக்காக நான் எழுதியுள்ள அல்லது இனி எழுதும் எந்த உயிலையும் இது பாதிக்காது."

நாட்டுக்கு நாடு கவனிக்க வேண்டியவை உண்டு. சிங்கப்பூரிலும் இங்கிலாந்திலும் உயில் எழுதிய பின் திருமணம் செய்தால் பழைய உயில் பொதுவாக ரத்தாகும். இந்தியச் சட்டத்தில் கிறிஸ்தவர்களுக்கும் இதே விதிதான். இந்துக்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. சிங்கப்பூரில் சிபிஎஃப் எனும் ஓய்வுக்காலச் சேமிப்புப் பணம் உயிலுக்குள் வரவே வராது, அதற்குத் தனி நியமனம் செய்ய வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, உயில் இல்லாவிட்டால் பாதி துணைக்கும் பாதி பிள்ளைகளுக்கும் போகும். அங்குள்ள சொத்துக்கு துபாயிலோ அபுதாபியிலோ தனியாக உயில் பதிவு செய்யும் வசதி உண்டு. பிரான்சில் பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு உண்டு: ஒரு பிள்ளைக்குப் பாதி, இரண்டு பேருக்கு மூன்றில் இரண்டு, மூன்று அல்லது மேல் என்றால் முக்கால். அங்கே குடியிருக்கும் புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் இதைக் கேட்காமல் எதையும் எழுதக் கூடாது.

வரி விஷயம் சுருக்கமாக. இந்தியாவில் மரணச் சொத்து வரி 1985-இல் ஒழிக்கப்பட்டது. பிரிட்டனில் உண்டு. கடந்த 20 வரி ஆண்டுகளில் 10 ஆண்டு அங்கே குடியிருந்தவருக்கு 2025 ஏப்ரல் முதல் உலகம் முழுதும் உள்ள சொத்தும் கணக்கில் வரும். அதாவது கோயம்புத்தூர் வீடும் சேரலாம்.

சொத்து விவரம்: பாதி வேலை இங்கேதான்

"எனக்குச் சொந்தமான கிராமத்து நிலம் முழுவதும்" என்று எழுதினால் சட்டப்படி செல்லாமல் போகாது. ஆனால் அதை வைத்து பட்டா மாற்ற முடியாது. உயில் எழுத ஊருக்கு விமானம் ஏறும் முன்பே, இருக்கும் இடத்திலிருந்து கீழ்க்கண்டவற்றைச் சேகரித்துவிடுங்கள். பெரும்பாலானவை பதிவுத்துறை, வருவாய்த்துறை இணையதளங்களிலேயே கிடைக்கும்.

கிரையப் பத்திரமும் தாய்ப்பத்திரமும், குறைந்தது 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்று, இன்றைய பட்டா, சிட்டா, புல வரைபடம், நகரமாக இருந்தால் நகர நில அளவைப் பதிவேட்டு நகல், வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு எண்.

இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். பத்திரத்தில் பழைய சர்வே எண் இருக்கும், பட்டாவில் உட்பிரிவு ஆன புது எண் இருக்கும். உயிலில் இரண்டையும் எழுதுங்கள்: "பழைய சர்வே எண் 112/3, தற்போதைய உட்பிரிவின்படி 112/3பி" என்பதுபோல. பத்திரம் சென்டில் பேசும், பட்டா ஹெக்டேர், ஏர்ஸில் பேசும். ஒரு ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பட்டாவில் 0.12.50 ஹெக்டேர் என்றிருந்தால் அது 12.5 ஏர்ஸ், கிட்டத்தட்ட 30.9 சென்ட். பத்திரத்தில் 35 சென்ட் என்று இருந்தால் நாலு சென்ட் எங்கோ போயிருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரர் பெயரில் ஏறியிருக்கலாம், சாலைக்குப் போயிருக்கலாம், 1980-களின் யுடிஆர் எனும் நில ஆவணப் புதுப்பிப்புக் கணக்கெடுப்பில் நடந்த தவறாகவும் இருக்கலாம். அதை உயிலால் திருத்த முடியாது. உயிரோடு இருக்கும்போதே தாசில்தார், கோட்டாட்சியர் வழியாகச் சரிசெய்ய வேண்டும். பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தால் முதலில் அதை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், உயில் அதற்குப் பிறகு.

ஒவ்வொரு சொத்துக்கும் மாவட்டம், பதிவு மாவட்டம், சார்பதிவகம், வட்டம், கிராமம், சர்வே எண், பட்டா எண், பரப்பு, நான்கு எல்லை, உங்களுக்குச் சொத்து வந்த பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் வேண்டும். ஃபிளாட்டாக இருந்தால் கதவு எண், கட்டடப் பரப்பு, நிலத்தில் உங்களுக்குள்ள பிரிக்கப்படாத பாகம் எவ்வளவு சதுர அடி என்பதும். வங்கிக் கணக்குகளில் இருப்புத் தொகையை எழுத வேண்டாம், அது மாறிக்கொண்டே இருக்கும். வங்கி, கிளை, கணக்கு எண், வெளிநாட்டு வருமானத்துக்கான என்ஆர்இ-யா, இந்திய வருமானத்துக்கான என்ஆர்ஓ-வா என்பது போதும். அந்தச் சொத்தின் மேல் வீட்டுக் கடன் இருந்தால் அதை யார் அடைக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். நகைகளுக்கு லாக்கர் விவரமும் எந்த நகை யாருக்கு என்பதும் எழுதலாம். சண்டை நிலத்தைவிட நகையில்தான் கசப்பாக இருக்கும்.

யாருக்கு, எப்படி: வாசகத்தில் கவனம்

பயனாளியின் முழுப் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், உறவு, பிறந்த தேதி எல்லாம் இருக்கட்டும். வீட்டில் கூப்பிடும் பெயர் கூடாது. பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறு இனிஷியல் என்றிருந்தால் "என்கிற" போட்டு இரண்டையும் எழுதுங்கள்.

ஆவண எழுத்தர்கள் பலர் பழைய பழக்கத்தில் எழுதும் ஒரு வாசகம் உண்டு: "என் மனைவி ஆயுள் முழுவதும் ஆண்டு அனுபவித்து, அவருக்குப் பின் என் மகன்கள் சர்வ சுதந்திரமாக அடைய வேண்டியது." கேட்க அழகாக இருக்கும். ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு இதில் குறுக்கே வருகிறது. மனைவிக்கு ஏற்கெனவே உள்ள ஜீவனாம்ச உரிமைக்காக அந்தச் சொத்து கொடுக்கப்பட்டது என்று ஆகிவிட்டால், ஆயுள் உரிமை முழு உரிமையாகவே மாறிவிடும். 1977-இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. அதற்குப் பிறகு இரு பக்கமும் எத்தனையோ தீர்ப்புகள். மனைவிக்கு முழுதாகக் கொடுக்க வேண்டும் என்றால் முழுதாகவே எழுதுங்கள். ஆயுள் உரிமைதான் வேண்டும் என்றால், அவருடைய பராமரிப்புக்கு வேறு எது கொடுக்கப்படுகிறது, இந்த வீட்டில் அவர் உரிமை எந்த அளவோடு நிற்கிறது என்று வழக்கறிஞரை வைத்துத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

"மகனுக்குச் சர்வ சுதந்திரமாக" என்று ஒரு பத்தியிலும், "மகன் விற்கக் கூடாது, பேரனுக்கே போக வேண்டும்" என்று இன்னொரு பத்தியிலும் எழுதுவது இன்னொரு வகைக் குழப்பம். ஒன்றுக்கொன்று சேராத இரண்டு வாசகம் இருந்தால் கடைசியாக வந்ததே நிற்கும் என்பது சட்டத்தின் பொது விதி. நீங்கள் நினைத்தது எதுவாக இருந்தாலும்.

பயனாளி உங்களுக்கு முன்பே இறந்தால்? அதற்கும் ஒரு வரி வேண்டும்: "அவர் எனக்கு முன் காலமானால் அவருடைய பங்கு இன்னாருக்கு." எங்கும் குறிப்பிடாத சொத்துக்கு எஞ்சிய சொத்து வாசகம் வேண்டும்: "மேலே சொல்லப்படாத, இனி என் பெயரில் வரக்கூடிய, இந்தியாவிலுள்ள மற்ற எல்லாச் சொத்துகளும் இன்னாரைச் சேர வேண்டியது." இந்த வரி இல்லாத உயிலில், பிறகு வாங்கிய மனை ஒன்று உயிலே இல்லாத சொத்தாகத் தொங்கும்.

ஒரு மகனையோ மகளையோ விலக்குவதாக இருந்தால் காரணத்தை ஒரு வரியில் நிதானமாகச் சொல்லுங்கள்: "மூத்த மகளுக்குத் திருச்சி மனையை ஏற்கெனவே செட்டில்மென்ட் செய்துவிட்டதால்" என்பதுபோல. இயல்பான வாரிசை எந்தக் காரணமும் சொல்லாமல் தள்ளிய உயிலை நீதிமன்றம் சந்தேகத்துடன்தான் பார்க்கும். திட்டித் தீர்க்கும் இடம் உயில் இல்லை.

பிள்ளைகள் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் என்றால் இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை எடுத்து வைத்திருக்கட்டும். என்ஆர்ஐ-யும் ஓசிஐ-யும் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, வாரிசாகப் பெறலாம். பிறகு விற்க நினைத்தால் இந்தியாவில் குடியிருக்கும் இந்தியக் குடிமகனுக்கே விற்க முடியும். இலங்கை உள்ளிட்ட சில நாட்டுக் குடிமக்களுக்கு, ஓசிஐ இல்லாதபோது, ரிசர்வ் வங்கி அனுமதியில்லாமல் இங்கே நிலம் வீடு பெறத் தடை உண்டு. மருமகளோ மருமகனோ அந்த நாட்டவர் என்றால் இதை முன்பே பேசி முடியுங்கள். சொத்தை விற்ற பணத்தை என்ஆர்ஓ கணக்கு வழியாக, வரி கட்டிய சான்றுகளோடு, நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம்.

உயிலில் சொன்னதைச் செய்து முடிக்கும் நிறைவேற்றுநராக ஒருவரையும், அவர் இல்லாவிட்டால் இன்னொருவரையும் நியமியுங்கள். முதலாமவர் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருப்பவராகவும் உங்களைவிட வயதில் இளையவராகவும் இருக்கட்டும். அலுவலகத்துக்கு நாலு முறை அலையும் பொறுமை உள்ளவரா என்று பாருங்கள். படிப்பைவிட அதுதான் இங்கே உதவும். பிள்ளைகள் மைனர் என்றால் காப்பாளர் பெயரையும் குறிப்பிடுங்கள்.

கையெழுத்தும் சாட்சியும்

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. 20 ரூபாய் பத்திரத்தில் எழுதினால்தான் செல்லும் என்று ஊரில் சொல்வார்கள், வெள்ளைத்தாள் போதும். கையால் எழுதினாலும் தட்டச்சு செய்தாலும் சரி. நோட்டரி முத்திரையும் கட்டாயமில்லை, நோட்டரி முத்திரை சாட்சிக்கு மாற்றும் ஆகாது.

இரண்டு சாட்சிகள் கட்டாயம். நீங்கள் கையெழுத்திடுவதை அவர்கள் நேரில் பார்க்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்து" என்று நீங்கள் அவர்களிடம் நேரில் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் உங்கள் கண்ணெதிரில் கையெழுத்திட வேண்டும். இந்தியச் சட்டப்படி இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியதில்லை, ஆனால் இங்கிலாந்துச் சட்டத்துக்கு வேண்டும். மூவரும் ஒரே அறையில், ஒரே மேசையில், ஒரே பேனாவில் போட்டு முடித்துவிடுங்கள், எங்கேயும் கேள்வி வராது. சாட்சிகளின் கையெழுத்துக்கு மேலே இப்படி எழுதுங்கள்: "மேற்படி உயிலை எழுதியவர் எங்கள் முன்னிலையில் கையொப்பமிட்டதை நாங்கள் பார்த்தோம். அவர் முன்னிலையில் நாங்களும் சாட்சிக் கையொப்பமிட்டோம்." இந்த வாசகம் இல்லாமலும் உயில் செல்லும். ஆனால் பதினைந்து வருடம் கழித்துக் கூண்டில் ஏறும் சாட்சிக்கு அதுதான் நினைவூட்டல்.

சாட்சியின் முக்கியத்துவம் அங்கேதான். உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க, உயிரோடு உள்ள சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்லியாக வேண்டும். பதிவு செய்த உயிலுக்கும் இதுவே விதி. வெளிநாட்டு அலுவலகத்தில் உங்களோடு வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் நண்பரையும் கேரளத்து நண்பரையும் சாட்சி போட்டால் சட்டப்படி தவறில்லை. ஆனால் 2040-இல் அவர்கள் எங்கே இருப்பார்கள்? அதனால்தான் விடுமுறையில் ஊருக்கு வரும்போது, ஊர்க்காரர்களைச் சாட்சியாக வைத்துக் கையெழுத்திடச் சொல்கிறோம். உங்களைவிடப் பத்து வயதாவது இளையவர்கள், நிலையான முகவரி உள்ளவர்கள், சொத்தில் எதுவும் பெறாதவர்கள். எழுபதைத் தாண்டியவர் எழுதுகிறார் என்றால் ஒரு சாட்சி அவரைப் பார்க்கும் மருத்துவராக இருப்பது பெரிய பலம். கிறிஸ்தவர்களின் உயிலில் சாட்சிக்கோ சாட்சியின் துணைக்கோ எழுதிய சொத்து செல்லாது. இந்துக்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாவிட்டாலும், பயனாளியே சாட்சி போட்ட உயில் சந்தேகத்தை வரவழைக்கும்.

ஊருக்கு வரவே முடியாத நிலையில் வெளிநாட்டிலேயே கையெழுத்திடலாம். அப்போது சாட்சிகளின் பாஸ்போர்ட் எண், இந்தியாவில் உள்ள நிரந்தர முகவரி ஆகியவற்றை எழுதுங்கள். இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்குவது கட்டாயமில்லை. ஆனால் உங்கள் அடையாளத்துக்கும் தேதிக்கும் அது நல்ல ஆதாரம்.

மின்னஞ்சலில் அனுப்பியது, வாட்ஸாப்பில் பேசிப் பதிந்தது, ஆதார் மின்கையொப்பம் போட்டது எதுவும் உயில் ஆகாது. தகவல் தொழில்நுட்பச் சட்டமே உயிலுக்கு மின்கையொப்பம் செல்லாது என்று விலக்கி வைத்திருக்கிறது. கையெழுத்திடுவதை வீடியோ எடுத்து வைப்பது மட்டும் துணை ஆதாரமாக உதவும். அதில் நீங்களே உயிலைப் படிப்பது தெரியட்டும், பயனாளிகள் யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து. அடித்தல் திருத்தல் இருந்தால் அந்த இடத்தில் நீங்களும் இரு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். அதைவிட அந்தப் பக்கத்தை மறுபடி அச்சிடுவது சுலபம். கையெழுத்து பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்கட்டும். உயில் ஆங்கிலத்தில் இருந்து, எழுதுபவருக்குத் தமிழ்தான் வரும் என்றால், தமிழிலேயே எழுதிவிடுவது உத்தமம்.

பதிவு செய்ய வேண்டுமா

சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் செய்யுங்கள். பதிவாகாத உயிலைப் பார்த்ததும், ஏதாவது ஒரு வாரிசு ஆட்சேபித்தால், வருவாய் அலுவலர்கள் "சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்" என்று கையை விரிப்பது வழக்கம். உயிலுக்கு முத்திரைத் தீர்வையும் கிடையாது, பதிவுக் கட்டணம் மட்டும்தான். நீங்கள் நேரில் வர வேண்டும். சொத்து எந்த ஊரில் இருந்தாலும் உங்களுக்கு வசதியான சார்பதிவகத்தில் பதியலாம். முன்பதிவு செய்துகொண்டு, மூல உயில், பாஸ்போர்ட் அல்லது ஆதார், சாட்சிகளோடும் அவர்களின் அடையாள அட்டையோடும் போனால் ஒரு நாளில் முடியும். பதிவாளர் முன் உங்களை அடையாளம் காட்டும் சாட்சி வேறு, உயிலின் சாட்சி வேறு. இரண்டுக்கும் அதே இருவரையே அழைத்துப் போவது நல்லது.

உயில், உயில்களுக்கென்றே பதிவகத்தில் உள்ள மூன்றாம் புத்தகத்தில் பதிவாகும், வில்லங்கச் சான்றில் வராது. நீங்கள் உயிரோடு இருக்கும் வரை உங்களையும் உங்கள் முகவரையும் தவிர யாருக்கும் நகல் தர மாட்டார்கள். "பதிவு செய்தால் ஊருக்கே தெரிந்துவிடும்" என்று தயங்க வேண்டியதில்லை.

வரவே முடியாதவர்களுக்குச் சட்டத்தில் இன்னொரு கதவு இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. உயிலை உறையிலிட்டு முத்திரையிட்டு, மாவட்டப் பதிவாளரிடம் வைப்பு வைக்கலாம். இதை அதிகாரம் பெற்ற முகவர் வழியாகவும் செய்யலாம். உறையின் மேல் உங்கள் பெயர், முகவர் பெயர், உள்ளே இருப்பது உயில் என்ற குறிப்பு வேண்டும். நீங்கள் இறந்த பின் விண்ணப்பித்தால், விண்ணப்பதாரர் முன்னிலையில் உறையைப் பிரித்து மூன்றாம் புத்தகத்தில் நகல் எடுப்பார்கள்.

மூல உயில் வங்கி லாக்கரில் இருந்தால், அந்த லாக்கரைத் திறக்க உங்களைத் தவிர இன்னொருவருக்கும் உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். லாக்கரைத் திறக்க உயில் வேண்டும், உயில் லாக்கருக்குள்ளே என்ற நிலைமை வேடிக்கை இல்லை. நகல் ஒன்று நிறைவேற்றுநரிடமும், இன்னொன்று வெளிநாட்டு வீட்டிலும் இருக்கட்டும்.

திருமணம், விவாகரத்து, குழந்தை, குடியுரிமை மாற்றம், உயிலில் சொன்ன சொத்தை விற்றது என்று எது நடந்தாலும் உயிலை எடுத்துப் பாருங்கள். சின்ன மாற்றத்துக்கு இணைப்பு உயில் போதும். அதற்கும் இரண்டு சாட்சி வேண்டும். இரண்டு மூன்று மாற்றம் என்றால் புதிதாக எழுதி, பழையதின் பதிவு எண்ணைச் சொல்லி ரத்து செய்வதே தெளிவு.

குடும்பத்தார் பிறகு செய்ய வேண்டியது

இந்தப் பகுதியை அச்சிட்டு உயிலோடு வைத்துவிடலாம்.

இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் இறந்தால் அந்த நாட்டு இறப்புச் சான்றிதழோடு, இந்தியத் தூதரகத்திலும் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும். சிங்கப்பூர், பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் (வெளிநாடுகளில் செல்லும்படி அந்நாட்டு அரசு தரும் சான்று) முத்திரை வாங்கினால் இங்கே ஏற்பார்கள். அமீரகச் சான்றிதழுக்கு அந்நாட்டு வெளியுறவு அமைச்சகச் சான்றும் இந்தியத் தூதரகச் சான்றும் வேண்டும். ஐந்தாறு பிரதியாவது சான்றிட்டு வாங்கிவிடுங்கள், ஒவ்வொரு வங்கியும் ஒன்று கேட்கும். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள். உயில் இருந்தாலும் எல்லா அலுவலகத்திலும் இதைக் கேட்பார்கள்.

உயில் பதிவாகாமல் இருந்தால், நிறைவேற்றுநரோ பயனாளியோ அதை இறப்புக்குப் பின்னும் சார்பதிவாளரிடம் பதிவுக்குக் கொடுக்கலாம். அவர் சாட்சிகளை விசாரித்துத் திருப்தியானால் பதிவார். சாட்சிகள் ஊரில் இருப்பது இங்கேயும் கைகொடுக்கும்.

புரொபேட், அதாவது உயில் மெய்யானது என்று நீதிமன்றம் தரும் சான்று, அந்த விஷயத்தில் பழைய தகவல் இன்னும் உலவுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் அதிகார எல்லைக்குள் (பெரும்பாலும் சென்னை நகரம்) எழுதிய, அல்லது அங்குள்ள சொத்தைப் பற்றிய இந்துக்களின் உயிலுக்கு நீண்டகாலம் புரொபேட் கட்டாயமாக இருந்தது. 2025-இன் இறுதியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் அந்தக் கட்டாயத்தை விதித்த 213-ஆம் பிரிவை நீக்கிவிட்டது. விரும்பினால் புரொபேட் வாங்கலாம். வாரிசுகளுக்குள் சண்டை வரும் என்று தெரிந்தாலோ, பெரிய தொகைக்கு வங்கி வற்புறுத்தினாலோ வாங்குவதே நல்லது.

பட்டா மாற்றத்துக்கு இறப்புச் சான்று, உயிலின் சான்றிட்ட நகல், வாரிசுச் சான்று, பழைய பட்டா, அண்மைய வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு விண்ணப்பியுங்கள். கிராம நிர்வாக அலுவலரும் நில அளவரும் விசாரித்து அறிக்கை தருவார்கள். வாரிசு வெளிநாட்டிலேயே இருந்தால், இந்தியத் தூதரகத்தில் சான்றிட்ட பவர் பத்திரம் அனுப்பி ஒருவரை நியமிக்கலாம். அந்தப் பவர் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் உரிய முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் சேரும். பட்டா மாறியதும் வீட்டு வரி, குடிநீர், மின் இணைப்புப் பெயர் மாற்றங்களைத் தள்ளிப்போடாமல் அதே வரவிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.